பின்னால் வரும் வண்டி

அச்சத்தோடு பிறந்த ஓர் உயிரை நம் வேலைக்குப் பழக்குவது அறமாகுமா? ஆகுமெனின், எந்த எல்லை வரையில் ஆகும்? இவ்வினாவைப் பெரிய உதாரணங்களைக் கொண்டு பேசுவோர் பலர். யானையை அடக்கியவர், சிங்கத்தை அடக்கியவர் கதைகளைச் சொன்னால் கேட்பவர் மனம் அடக்கியவரின் வீரத்தில் போய் நின்றுவிடும். அடக்கப்பட்ட உயிரின் நிலைமை மறைந்துவிடும். ஆதலின், நம் இடுப்பளவுக்கு மேல் உயராத ஒரு பிராணியை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய முற்படுகிறோம். அதனிடத்தில் யாரும் வீரம் காட்டிவிட முடியாது.

அமெரிக்க நாட்டில் குறுங்குதிரை என்றொரு வகை வளர்க்கப்படுகிறது. நம் ஊர் மட்டக் குதிரையினும் சிறியது. 1978-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்ட குறுங்குதிரைச் சங்கத்தின் விதிப்படி, பிடரி மயிரின் கடைசி இழை முடியும் இடத்தில் அளந்தால் அதன் உயரம் 34 அங்குலத்துக்கு மேற்படலாகாது. எடை ஏறக்குறைய நூறு கிலோ. அதற்குக் குறைந்தும் இருக்கும். இதன் முன்னோரில் ஒரு பகுதி ஷெட்லாந்துத் தீவுகளின் சிறு குதிரைகள். பிரிட்டனில் 1842-ஆம் ஆண்டுச் சட்டம், பெண்பாலார் அனைவரையும் பத்து வயது நிரம்பாத சிறுவரையும் நிலக்கரிச் சுரங்கத்தினுள் வேலை வாங்கலாகாது என்று தடுத்தது. அதன்பின் அவர்கள் இழுத்துவந்த தொட்டிகளை இழுக்க இக்குதிரைகள் பெருவாரியாக உள்ளே இறக்கப்பட்டன. தங்கவயலின் ஆழத்தில் தந்தையும் பாட்டனும் உழைத்த குடும்பங்கள் நம் வாசகரிடையே உண்டு. இருட்டில் உழைத்தல் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்றைய குறுங்குதிரைக்குச் சுரங்கம் இல்லை. வளர்ந்த மனிதர் ஏறி அமர்ந்தால் அதன் முதுகு தாங்காது. ஆனால் சமதரையில், இலேசான இருசக்கர வண்டியில் ஒருவரை வைத்து இழுக்க அதனால் இயலும். ஆகவே அதனை வாங்கியவருள் பலர் வண்டியில் பூட்டிப் பார்க்க விரும்புகின்றனர். விரும்புவது மனிதன் என்பதை இவ்விடத்திலேயே குறித்துக்கொள்வோம். பின்னால் இதற்கு வருவோம்.

இனி, அக்குதிரை ஏன் அஞ்சுகிறது என்று பார்ப்போம். குதிரையின் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்தவை. ஏறத்தாழச் சுற்றுப்புறம் முழுவதையும் அது ஒருங்கே காணும். காணாத இடங்கள் இரண்டு: மூக்குக்கு நேர் முன்னே சிறிது, வாலுக்கு நேர் பின்னே சிறிது. வண்டி வந்து சேருவது அந்தப் பின்னிடத்தில்தான். புல் மேய்ந்து வாழ்ந்து, பற்களுக்கும் நகங்களுக்கும் இரையாகி வந்த அதன் குலம், கண்ணுக்குத் தெரியாமல் பின்னிருந்து ஒலியெழுப்பி வருவது எதுவாயினும் ஓடு என்ற ஒரே பாடத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றது. வண்டி கடகடக்கிறது, குதிரை ஓடுகிறது. ஓடினால் வண்டியும் ஓடுகிறது. வேகம் மிக மிக ஓசையும் மிகுகிறது. எதனிடமிருந்து தப்ப ஓடுகிறதோ அது தன் உடம்போடு வார்களால் பிணிக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. காண்பவர் 'முட்டாள் விலங்கு' என்கின்றனர். அதன் தர்க்கத்தில் பிழையொன்றும் இல்லை. அதற்குச் சொல்லப்படாத ஒரு செய்தி இருக்கிறது, அவ்வளவே.

குறுங்குதிரைக்கு இதற்கு மேலும் ஓர் இடர் உண்டு. அது சிறியது என்பதே அவ்விடர். ஐந்நூறு கிலோ எடையுள்ள பெரிய குதிரை காதைப் பின்னே மடித்தால் மனிதன் ஓரடி விலகி நிற்பான். அது மூக்கை விரித்து மூச்சிழுத்தால் என்னவோ என்று நின்று பார்ப்பான். ஏனெனில் உதைத்தால் எலும்பு முறியும். குறுங்குதிரை அதே காதை மடித்தால் சிரிக்கிறான். அது நகர மறுத்தால் இழுக்கிறான், தள்ளுகிறான், பொம்மையைப் போலக் கட்டித் தழுவுகிறான். குழந்தைகளை அதன்மேல் சாய்த்துப் புகைப்படம் எடுக்கிறான். அதன் அச்சத்தின் முதற் குறியும் இரண்டாம் குறியும் கவனிக்கப்படாமலே போகின்றன. பிறகு ஒரு நாள் அது கடித்துவிட்டால், 'திடீரென்று கடித்தது' என்கிறான். திடீரென்று ஒன்றும் நிகழவில்லை. தன்னைத் துன்புறுத்த வல்லவனின் அச்சத்தை மட்டும் மதிப்பது மனிதனின் பழைய வழக்கம். வலியவனிடம் காட்டும் மரியாதையில் எவ்வளவு அன்பு, எவ்வளவு பயம் என்று பிரித்தறிய வேண்டுமானால், அதே மனிதன் எளியவனிடம் எப்படி நடக்கிறான் என்று பார்த்தல் போதும். நம்மில் பலருக்கு இது ஏட்டில் படித்த செய்தியன்று.

அஞ்சும் குதிரையைப் பழக்குவதற்கு வழிகள் இரண்டென்று பொதுவாகச் சொல்லலாம். ஒன்று, அச்சத்தை ஒரேயடியாக அதன்மேல் கொட்டிவிடுவது. கட்டி நிறுத்தி, தப்ப வழியில்லாமற் செய்து, அது துள்ளி ஓயும் வரை விடாமலிருப்பது. ஒஹாயோ மாநிலத்தில் 1827-இல் பிறந்த ஜான் ராரி என்பவர் குதிரை பழக்குவதில் உலகப் புகழ் பெற்றவர். 1858-இல் லண்டன் சென்று, ஒருவரும் நெருங்க அஞ்சிய குரூய்சர் என்னும் ஆண்குதிரையைச் சில மணி நேரத்தில் சாதுவாக்கிக் காட்டினார். விக்டோரியா அரசியாரும் அவர் வித்தையைக் கண்டார். அவர் சாட்டையை நம்பவில்லை. அக்காலத்துக் கொடுமைகளோடு ஒப்பிட்டால் அவர் கருணையாளரே. எனினும் அவர் முறை யாது? குதிரையின் ஒரு முன்காலை மடக்கி வாரால் கட்டுவது. மற்றைக் காலிலும் வாரிட்டு, அது போராடிக் களைத்துத் தரையில் சாயும்வரை பொறுத்திருப்பது. சாய்ந்தபின் உடம்பு முழுவதும் அன்போடு தடவிக் கொடுப்பது. ஓட்டமே பாதுகாப்பாகக் கொண்ட உயிருக்குக் கால்கள் இல்லையென்று காட்டிவிட்டுப் பிறகு தடவிக் கொடுத்தால் அது அசையாமற் கிடக்கும்தான். அசையாமற் கிடப்பது அமைதியா?

இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருவது ஒன்றுண்டு. பெங்களூர்த் தண்டு ரயில் நிலையத்து வாயிலில் ஜட்காக்கள் வரிசையாய் நின்ற காலத்தைக் கண்ட மூத்தோர் நம்முள் இன்னும் இருக்கின்றனர். லாரி ஒன்று காதோரத்தில் ஊதிச் சென்றாலும் அக்குதிரைகள் அசையா. தலை தொங்கும், ஒரு பின்கால் தளர்ந்திருக்கும், ஈ மொய்த்தாலும் தோல் சிலிர்க்காது. சிறுவராயிருந்த நாம் அதைக் கண்டு, 'எவ்வளவு தைரியம்!' என்று வியந்தோம். அது தைரியமன்று. எதைச் செய்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்று கற்றுக்கொண்ட உயிரின் நிலை அது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குச் சாந்தமும் இந்த அயர்வும் ஒன்று போலவே தோன்றும். வேற்றுமையைக் காண அருகிற் சென்று நோக்க வேண்டும். அச்சம் தணிந்த குதிரை தலையைத் தாழ்த்தும், உதடு நெகிழும், வாயை அசைபோடுவதுபோல் மெல்லும், நீண்ட மூச்சு விடும், காதுகள் இங்குமங்கும் திரும்பி ஒலிகளை விசாரிக்கும். விசாரிக்கும் காது இருக்குமிடத்தில் மனம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். ஜட்காக் குதிரையின் காதுகள் ஒன்றையும் விசாரிக்கவில்லை. வண்டிக்காரரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. பலருக்கு வீட்டில் அடுப்பெரிவதே அன்றைய சவாரியைப் பொறுத்திருந்தது.

மற்றொரு வழி, அச்சத்தைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுப்பது. டென்மார்க்கு நாட்டில் இரண்டு வயதுக் குதிரைகளைக் கொண்டு செய்து 2006-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், அசையும் வெள்ளை நைலான் பை ஒன்றுக்கு அவற்றை மூன்று முறைகளிற் பழக்கிப் பார்த்தனர். சிறிது சிறிதாக அணுகிப் பழக்கிய கூட்டத்தில் எல்லாக் குதிரைகளும் தேறின. மற்றை முறைகளிற் சில தேறவில்லை. இதில் வியப்பில்லை. மஜ்ஜிம நிகாயத்துப் பத்தாலி சுத்தத்தில், நல்ல குதிரைக் குட்டிக்கு முதலில் கடிவாளத்தைப் பழக்குவதும், முன்பு செய்தறியாததைச் செய்வதனால் அது முதலிற் புரண்டு நெளிவதும், திரும்பத் திரும்ப மெல்லப் பழகியபின் அதில் அமைதியடைவதும், அதன் பின்னரே அடுத்த படிக்குச் செல்வதும் சொல்லப்பட்டுள்ளன. அதைச் சொன்னவர் குதிரையைக் கண்ணாற் கண்டு சொல்லியிருக்கிறார் என்பது தெளிவு.

குறுங்குதிரைக்கு இப்படிகள் எவ்வாறு அமைகின்றன என்பதைச் சற்று விரித்துச் சொல்வோம். மூன்று வயது நிரம்புமுன் பூட்டுதல் கூடாது. எலும்பு முற்றுவதற்குக் காலம் வேண்டும். முதலில் 'நில்' என்ற சொல்லைக் கற்பிக்கின்றனர். போகக் கற்பிப்பதற்கு முன் நிற்கக் கற்பிப்பது ஏனெனில், நிற்கத் தெரிந்த குதிரைக்கு ஓட்டத்தைத் தவிர வேறொரு வழியும் இருக்கிறது. பிறகு சேணத்தை முகரக் காட்டி, முதுகில் வைத்து எடுத்து, நாளடைவில் வார்களை இறுக்குகின்றனர். வாலடியிற் செல்லும் வாரும் பின்தொடைகளைச் சுற்றும் பட்டையும் அதற்குப் பெரிய சோதனைகள். அடுத்து, நீண்ட வார்களைப் பிடித்துக்கொண்டு பழக்குபவர் பின்னால் நடக்கிறார். அவர் குரல் இடைவிடாது கேட்டுக்கொண்டிருக்கும். பின்னிருந்து வருவதெல்லாம் பகையன்று, பின்னிருந்து ஒரு தெரிந்த குரலும் வரக்கூடும் என்பதை அது முதன்முதலாக அறிவது அப்போதுதான்.

இனி வண்டி. இங்கே நல்ல பழக்குநர் செய்யும் ஒரு காரியம் நம்மை மிகவும் கவர்ந்தது. வண்டியை அவர்கள் குதிரையின் பின்னே கொண்டுவருவதில்லை. வேறொருவர் வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு முன்னே நடக்கக் குதிரையை அதன் பின்னே நடத்திச் செல்கின்றனர். கடகடவென்னும் அந்தப் பூதம் இப்போது குதிரையைக் கண்டு ஓடுகிறது! சில நாளில் குதிரை தானே எட்டிச்சென்று அதை முகர்கிறது. பின்னர் வண்டி பக்கத்தில் வருகிறது, வலப்புறம், இடப்புறம், கடைசியிற் பின்புறம். இதற்கிடையில் இரண்டு கம்புகளை விலாவிற்கு இருபுறமும் உராயப் பிடித்து, ஏர்க்கால்களின் தொடுகையைப் பழக்குகின்றனர். பழைய மோட்டார் டயர் ஒன்றைக் கயிற்றில் இழுக்கச் செய்து பாரத்தை உணர்த்துகின்றனர். அஞ்சினால் அக்கணமே கயிற்றை விட்டுவிடலாம். ஏர்க்கால்களின் நடுவே நிறுத்தினாலும் முதல் நாட்களில் பூட்டுவதில்லை. உதவியாளர் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, அது முன்னே நடக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். மாதங்கள் ஆகும். ஒரு படியில் அஞ்சினால் முந்தைய படிக்குத் திரும்புகின்றனர். இவ்வாறு பின்செல்ல மனமில்லாதவர் இத்தொழிலுக்கு வரலாகாது. 'நேற்றுச் செய்தாயே, இன்று என்ன?' என்று கேட்கத் தோன்றும். அஞ்சுகிறவனுக்கு நேற்று என்பது உதவாது.

பழக்குநரின் மனத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டில் 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சிலரைக் குதிரையோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நான்கு முறை செல்லச் செய்தனர். நான்காம் முறைக்கு முன், இப்போது குதிரையின் அருகே ஒரு குடை திடீரென விரிக்கப்படும் என்று மனிதரிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதரின் நாடித்துடிப்பும் உயர்ந்தது. ஒன்றும் அறியாத குதிரையின் துடிப்பும் உயர்ந்தது. நடக்காத ஒன்றைப் பற்றி மனிதன் கொண்ட அச்சம் ஒரு கயிற்றின் வழியே மற்றோர் உயிருக்குச் சென்று சேர்ந்துவிட்டது. மாறாக, கழுத்தும் முதுகும் கூடுமிடத்தில், குதிரைகள் ஒன்றையொன்று பற்களால் கோதிக்கொள்ளும் அவ்விடத்தில், கையால் கோதிக் கொடுத்தால் துடிப்பு தணிவதை 1993-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி காட்டியது. ஆகவே குதிரையைப் பழக்கப் புகுந்தவன் முதலில் தன் மூச்சைப் பழக்கிக்கொள்ள வேண்டியவனாகிறான். தியானத்தில் அமர்ந்து மூச்சை நோக்குவோர் தமக்கு மட்டுமே நன்மை தேடுகின்றனர் என்று பழிப்பவரிடம் இந்தக் குடையின் கதையைச் சொல்லலாம்.

இனி, அறிஞரிடையேயும் கருத்து வேற்றுமை நிலவும் கேள்விக்கு வருவோம். அது கண்பட்டை. வண்டிக் குதிரையின் கண்களுக்கு இருபுறமும் தோலால் மறைப்பிடுவது பல நாட்டு வழக்கு. பக்கத்திலும் பின்னும் உள்ளவை தெரியாமல் முன்வழி மட்டும் தெரியும். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்கள் அற்பமானவையல்ல. சுழலும் சக்கரம் கண்ணிற் படாது. சாலையிற் போகும் வாகனங்கள் கலங்கச் செய்யா. ஓட்டுபவர் கையிலுள்ள சாட்டை சற்றே அசைந்ததும் பாயவேண்டிய தேவையில்லை. அஞ்சுவதைக் காட்டாமலிருப்பது கருணையன்றோ என்று கேட்கின்றனர்.

ஆனால் வண்டியோட்டுவோரிடையே ஓர் உறுதியான விதி உண்டு. குதிரை வண்டியிற் பூட்டியிருக்கும்போது தலைக் கடிவாளத்தை ஒருபோதும் கழற்றலாகாது. முதலில் வண்டியிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். பிறகே தலையிற் கை வைக்க வேண்டும். ஏன்? கண்பட்டையோடு கடிவாளம் கழன்றதும், பல காலம் தான் இழுத்துவந்த பொருளைக் குதிரை முதன்முறையாகக் காணக்கூடும். அக்கணத்தில் வாயில் கட்டுப்பாடும் இராது. இத்தகைய ஓட்டங்களில் வண்டி நொறுங்கி, மனிதரும் குதிரையும் மாய்வதுண்டு. அவ்வளவு காலமும் அது அடைந்திருந்த அமைதி வண்டியை அறிந்ததனால் வந்த அமைதியன்று, அறியாமையால் வந்தது. ஒரு கொக்கி கழன்றால் கலையக்கூடிய அமைதி அது.

ஆதலின், முதலிற் பட்டையின்றியே பழக்கி, வண்டியை நன்றாகக் காட்டி, முகரச் செய்து, அதன் பின் வேண்டுமானால் சாலையின் பொருட்டுப் பட்டையிடுவோர் கட்சியையே நாம் சார்கிறோம். இரு முறைகளிலும் இறுதியில் குதிரையின் கண்ணருகே அதே தோற்பட்டைதான் இருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்ததை மறைக்கிறது; மற்றொன்று தெரியவேண்டியதை மறைக்கிறது. நாளும் மெதுவாகக் காட்டிப் பழக்குவதற்கு நேரம் இல்லாதவர்களே பெரும்பாலும் மறைப்பதைக் கருணை என்கின்றனர். குழந்தைகளிடத்தும் நோயாளியிடத்தும் உண்மையை எவ்வளவு, எப்போது சொல்வது என்று வருந்துகின்ற அன்பர்களுக்கு இதைச் சட்டமாக விதிக்க நாம் துணியோம். பட்டை சில வேளை தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். காட்டுவதற்கு முயன்றவனுக்கே மறைக்கும் உரிமை உண்டு என்று மட்டும் சொல்வோம்.

இவ்வளவும் செய்தபின்னும் இழுக்க மறுக்கும் குதிரை உண்டு. அங்குத்தர நிகாயத்தில் கேசி என்னும் குதிரைப் பழக்குநன் வருகிறான். மென்மையாலும், கடுமையாலும், இரண்டும் கலந்தும் பழக்குவதாகச் சொல்லும் அவனிடம், எதற்கும் வசப்படாத குதிரையை என் செய்வாய் என்று பகவன் வினவ, கொன்றுவிடுவேன் என்கிறான். தன் ஆசிரியர் குலத்துக்குப் பழி வந்துவிடலாகாதே என்பது அவன் சொன்ன காரணம். பின்னர்ப் பகவன் அக்கொலை என்னும் சொல்லையே வேறு பொருளுக்குத் திருப்பிவிட்டதை உபாசகர் அறிவர்: திருந்தாதவனுக்கு மேலும் உபதேசிக்கத் தகாதென்று விட்டுவிடுவதே அவ்வினயத்திற் கொலை. நாம் நின்று நோக்குவது கேசி சொன்ன காரணத்தை. குதிரை செய்த குற்றம் யாது? ஒருவனுடைய நற்பெயருக்கு அது உதவவில்லை. இன்று கொல்வோர் குறைவு, விற்றுவிடுகின்றனர். 'தொல்லை தரும் குதிரை' என்ற பெயரோடு அது கைமாறுகிறது, வாங்கியவன் மேலும் கடுமையாக முயல்கிறான், அச்சம் மிகுகிறது, மீண்டும் விற்கப்படுகிறது. நமது தோல்விக்கு அதன்மேல் பெயர் எழுதி அனுப்புகிறோம்.

முன்பு குறித்த சொல்லுக்கு இங்கே திரும்புவோம். வண்டி யாருக்கு வேண்டும்? உழைப்பில்லாமல் செழும்புல்லில் விடப்பட்ட குறுங்குதிரை எளிதிற் கொழுத்துவிடும் என்பதும், குளம்பினுள் அழற்சி கண்டு நடக்கமாட்டாமல் துன்புறும் என்பதும் மெய்யே. ஆகவே அதன் நலத்துக்காகவே வண்டியிற் பூட்டுகிறோம் என்பர். நடை வேண்டுமென்பது சரி. வண்டிதான் வேண்டுமென்பது எங்ஙனம் பெறப்படும்? கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதனோடு நாமும் நடந்தால் அதே நன்மை கிட்டும், நமக்கும் கிட்டும். வண்டி நம் ஆசை. ஆசை என்பதாலேயே அது பாவமாகிவிடாது. பொறுமையோடு பழகி, காதை முன்னே நிமிர்த்திக்கொண்டு உற்சாகமாக இழுத்துச் செல்லும் குறுங்குதிரைகள் உண்டு. நம் ஆசையை அதன் நன்மை என்று பெயர் மாற்றும்போதுதான், அது மறுக்கும்வேளையில் நமக்குக் கோபம் வருகிறது. நன்றி கெட்டது என்கிறோம்.

மறுத்த குதிரை மறுத்ததாகவே இருக்கட்டும். சேணத்தை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, மாலை வேளையில் தளர்ந்த கயிற்றோடு அதன் பக்கத்தில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் ஒன்றும் வருவதில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள முதற் சில நாள் அது திரும்பித் திரும்பிப் பார்க்கும். அவர்களும் அதனோடு நின்று திரும்பிப் பார்க்கிறார்கள்.